நாலேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவில்

ஏப்ரல் 17, வியாழன்

முட்டியில் கத்தி வைத்த டாக்டர், தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். வீட்டில் யாருக்காவது தெரியுமே என்றார். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் மனைவி பஞ்சவர்ணம் எழுதுகிறாள். எட்டாவது படித்தவள். பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் பார்த்தவள். துணியில் ஓட்டை கண்டுபிடிப்பதுபோல என் பேச்சிலும் கண்டுபிடிப்பாள். நான் பேசுகிறபடியே எழுதினால் டாக்டர் சிரிப்பார் என்று திருத்தித்தான் எழுதுவாள். நடுவில் அடைப்புக்குறிக்குள் ஏதாவது வந்தால் அது அவள் சொந்தச் சரக்கு.

என் பெயர் மொக்கராசு. வயது எழுபத்து நான்கு. இன்று நடந்தது: கட்டிலிலிருந்து வாசல்படி, இரண்டு தடவை.

ஏப்ரல் 18, வெள்ளி

வாசல்படி, மூன்று தடவை. வலி.

ஏப்ரல் 20, ஞாயிறு

காம்பவுண்டுக் குழாய் வரை போய் வந்தேன்.

டாக்டருக்கு இது தேவையில்லைதான். ஆனால் குழாயடிக்குப் போனால் மனது சும்மா இருப்பதில்லை. கமுதிப் பக்கத்திலிருந்து நான் திருப்பூருக்கு வந்தது எழுபத்து நாலு, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது இந்த ரோட்டில் மொத்தம் ஒன்பது வீடு. மீதியெல்லாம் சோளக்காடு. ஒன்பது வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். இன்றைக்கு நான் கட்டி வாடகைக்கு விட்ட இந்தக் காம்பவுண்டில் மட்டும் ஆறு வீடு, இருபத்திரண்டு உருப்படி. ரோட்டை எண்ண ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துபோகும். அன்றைக்கு நாங்கள்தான் இந்த ஊருக்கு வெளியூர்க்காரர்கள். இன்றைக்கு எங்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் வந்துவிட்டார்கள்.

(அந்த ஒன்பது வீட்டையும் எனக்குப் பலதடவை சொல்லியாகிவிட்டது. எழுத மறுத்துவிட்டேன்.)

ஏப்ரல் 23, புதன்

தண்ணீர் வரவில்லை. குழாய் வரை போய் வெறுங்குடத்தோடு திரும்பினேன். நடந்த கணக்காவது ஆயிற்று.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் அமலோற்பவம் டீச்சர் வந்தார். மேட்டுத் தெருவில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது வகுப்பு டீச்சர். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார். கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன்.

"இந்தக் காம்பவுண்டுல எத்தனை வீடுங்க ஐயா?"

"எழுதிக்கங்கம்மா. மொத வீடு நாங்க. ரெண்டாவது வீட்டுல பீகார்ப் பயலுக அஞ்சு பேரு. ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆகல. மூணாவது ஒடிசா. அப்பன் பேரு திபாகரு, கம்பெனியில அயர்னிங் மாஸ்டரு. அம்மா சாவித்திரி, செக்கிங். ஒரே பொம்பளப்புள்ள, பேரு பரிசு. நாலாவது வீடு மார்ச்சுல காலியாச்சு…"

"மெதுவாங்க ஐயா, இது சுத்திக்கிட்டே இருக்குது."

"எங்கிட்ட சுத்தாதும்மா" என்று தலையைத் தொட்டுக் காட்டினேன்.

குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த மூன்றாவது வீட்டுப் பிள்ளை திரும்பியது. "பரிசு இல்லீங் டீச்சர், பர்ஷா. ஒம்பது வருசமாச் சொல்றேன், தாத்தாவுக்கு வாய் வரமாட்டேங்குது. அவரு வெளியூர்க்காரருங்."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். நான் ஐம்பத்தோரு வருஷமாக இங்கே இருந்தும் என் பேச்சில் கமுதி போகவில்லை. கட்டாக்கில் பிறந்து இரண்டு வயதில் ரயிலேறி வந்தது, வார்த்தைக்கு வார்த்தை 'ங்' போட்டு இந்த ஊர்க்கவுண்டச்சி மாதிரி பேசுகிறது.

"அஞ்சாவது முடிச்சிட்டியா சாமி? ஆறாவது எங்ககிட்டத்தானே?"

பிள்ளை குடத்தைப் பார்த்தது. "ஊருக்குப் போறேனுங்."

"எந்த ஊருக்கு?"

"அப்பா ஊருக்குங். ஆயாகிட்ட இருந்துக்கிட்டு அங்க படிக்கோணுமாங்."

"ஒடியா எழுத்துத் தெரியுமா உனக்கு?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

டீச்சர் போகும்போது சொன்னார்: "உள்ளூர்க்காரங்க எல்லாம் புள்ளைங்களை பிரைவேட் ஸ்கூல் மஞ்ச பஸ்ல ஏத்தி விட்டர்றாங்க. எங்க தமிழ் மீடியம் வகுப்புல பாதி வடக்க இருந்து வந்த புள்ளைங்கதான் ஐயா. அதுல நல்லாப் படிக்கறதெல்லாம் இப்படி அஞ்சாவதோட ஊருக்குப் போயிருது. பாதிப் புள்ளை அங்கயும் பள்ளிக்கூடத்துல நிக்கறதில்ல."

என் காம்பவுண்டில் எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம். அந்தக் குடும்பமே பின்னால் காலி செய்துகொண்டு போய்விட்டால் எனக்கு ஒரு நல்ல குடித்தனம் போய்விடும். அதுதான் கவலை.

(வீடு கேட்டு வாரத்துக்கு நான்கு பேர் வருகிறார்கள். இவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.)

மே 4, ஞாயிறு

மூன்றாவது வீட்டு வாசல் வரை நடந்தேன். திபாகர் லீவு. ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

"என்னப்பா, புள்ளைய ஊருக்கு அனுப்புறியாமே?"

"ஆமா அய்யா. இருபத்தெட்டாம் தேதி டிக்கெட். தம்பி வந்து கூட்டிட்டுப் போகும்."

"அவளுக்கு உங்க ஊரு எழுத்தே தெரியாதே. மறுபடி அனா ஆவன்னாவுல இருந்து உக்காரணுமே."

"உக்காரும். ஒரு வருஷம் போகும்."

"ஒரு வருஷம் சும்மாவாய்யா போகுது?"

அவன் ஒரு சட்டையை அலசிப் பிழிந்தான். பிறகு மரியாதையாகவே கேட்டான்: "அய்யா, நீங்க எவ்ளோ படிச்சது?"

"நானா? கைநாட்டு."

"ஆறு வீடு கட்டலியா?"

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. திரும்பி வந்து சொன்னபோது பஞ்சவர்ணம் சிரித்த சிரிப்பு இரண்டாவது வீடு வரை கேட்டிருக்கும்.

மே 7, புதன்

தெருமுனை வரை. கம்பு ஊன்றித்தான். கோழிக்கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

மே 11, ஞாயிறு

மகள் பவுன்தாய் மாம்பழத்தோடு வந்தாள். நாற்பத்தெட்டு வயது. கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அறுபது பேர் அவள் சொன்னால் கேட்கிறார்கள். சாவித்திரி செக்கிங் பார்ப்பது இவள் லைனில்தான். தன் மகனை மஞ்சள் பஸ்ஸிலேயே படிக்கவைத்தாள். அவன் இப்போது சென்னையில் இருக்கிறான்.

நான் பர்ஷா விஷயத்தைச் சொன்னேன். திபாகருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்றேன்.

"அட ஏனுங்கப்பா, அவரைப் போய் அப்படிச் சொல்றீங்க" என்றாள். கத்தியால் பழத்தோலைச் சுருள் அறாமல் சீவிக்கொண்டே பேசினாள். "பெரிய ஸ்கூல் நாலேகாலுக்கு விட்டுரும். சாவித்திரி ஓவர்டைம் முடிச்சு வீடு வந்து சேர எட்டரை. அவருக்கும் எட்டரை. நடுவுல அந்தப் புள்ளை எங்கிருக்கும்? இத்தனை நாளு நாலாவது வீட்டு ஜானகி பாத்துக்கிட்டா. அவதான் மார்ச்சுல காலி பண்ணிட்டாளே. வயசுப் பசங்க அஞ்சு பேரு இருக்கற காம்பவுண்டுல, ஆளாகப் போற புள்ளைய எந்த அப்பன் தனியா விடுவான்?"

"அந்தப் பயலுக தங்கமான பயலுக."

"தங்கந்தானுங்க. உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியோணுமே. சாவித்திரி எங்கிட்ட அழுதா. யாருகிட்டயும் கேக்க அவருக்குக் கூச்சமாம்."

"நாலு மணி நேரத்துக்காகவா ஒரு புள்ளைய ஆயிரம் மைல் அனுப்புவாங்க?"

பவுன்தாய் ஒரு துண்டு பழத்தை என் கையில் வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அந்த நாலு மணி நேரத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியாமத்தானுங்கப்பா என்னையும் கூடவே கூட்டிட்டுப் போனீங்க."

இதை எழுத வேண்டாம் என்று சொன்னேன். பஞ்சவர்ணம் எழுதிவிட்டாள்.

மே 12, திங்கள்

நடக்கவில்லை. வலி ஒன்றும் இல்லை.

மே 13, செவ்வாய்

எனக்கு மறதி கிடையாது. அது வரம் என்பார்கள், அவர்களிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

எண்பத்தெட்டு, ஜூன் எட்டு, புதன்கிழமை. நானும் பஞ்சவர்ணமும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். பகல் வேலை முடிய ராத்திரி எட்டு, ஒன்பது. பவுன்தாய் ஐந்தாவது முடித்திருந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. கம்பெனியில் கைமடி வேலைக்குப் பிள்ளைகளை எடுத்தார்கள். தைத்து வருகிற துணியைப் பிரித்து மடித்துக் கொடுக்கிற வேலை. கண்ணுக்கு முன்னால் இருப்பாள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து, ஒரு விரலால் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து பதினேழாவது வரியில் நின்றார். "பேரை வெட்டிரலாமா? யோசிச்சுச் சொல்லு. நல்லாப் படிக்கிற புள்ளை" என்றார். வெட்டிருங்க சார் என்றேன். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நான் பெருவிரலை உருட்டினேன். எனக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. ஆனால் அதன் நீளம் தெரியும், என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

வெளியே பவுன்தாய் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றாள். கம்பெனிக்குப் போகிற சந்தோஷத்தில் எனக்கு முன்னால் ஓடினாள்.

அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள். அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். எதற்குச் சொல்கிறேன் என்றால், தேதி கேட்டால் சொல்வேன் என்பதற்காகச் சொன்னேன்.

(வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்கிறேன்.)

மே 15, வியாழன்

சாவித்திரியைக் கூப்பிட்டுவிட்டோம். ஷிப்ட் முடிந்து கழுத்தில் நூல் கத்தரியோடு அப்படியே வந்தாள். நாலேகாலிலிருந்து எட்டரை வரை பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். இன்னும் மூன்று மாதம் நான் இந்த நாற்காலியை விட்டு எங்கும் போகப்போவதில்லை.

"அதுக்கு அப்புறம்?" என்றாள். கெட்டிக்காரி.

"அதுக்கு அப்புறம் நான் எங்க போறேன்? இவரு போனாலும் நான் இருப்பேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

சாவித்திரி சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். "அவர் பாக்கலாம் சொல்லும். பாக்கலாம்னா சரியும் இல்ல, இல்லையும் இல்ல. டிக்கெட் இருக்கு. அட்மிஷன் முதல்ல போட்டா, டிக்கெட் அப்புறம் பேசலாம் அம்மா."

மே 19, திங்கள்

பள்ளிக்கூடம் வரை ஆட்டோவில். அங்கே படிக்கட்டு ஏழு. ஏறினேன்.

திபாகர் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சாவித்திரி அரைநாள் லீவு போட்டாள். பவுன்தாய் கொடுக்காமல் யார் கொடுப்பார்கள். நான் பெரியமனுஷனாகக் கூடப் போனேன். அமலோற்பவம் டீச்சர்தான் சேர்க்கை எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு பர்ஷா. இனிஷியல்?"

சாவித்திரிக்குப் புரியவில்லை. "நாயக்" என்றாள்.

"அது பின்னாடி வர்றதும்மா. முன்னாடி என்ன போடட்டும்?"

சாவித்திரி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் கேட்டுவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "அப்பன் பேரு திபாகரு. 'தி' போடுங்கம்மா. பின்னாடி ஒண்ணும் வேண்டாம். அது ஜாதிப் பேரா இருக்கும். நம்ம பக்கம் அதெல்லாம் பேருக்குப் பின்னாடி மாட்டுறதில்ல."

"கம்ப்யூட்டர்ல ஆதார்ல இருக்கற மாதிரித்தானுங்க ஏறும். வகுப்புப் பட்டியலுக்கு வேணா நீங்க சொல்றாப்ல போட்டுக்கறேன்" என்று சொல்லி, சேர்க்கைச் சீட்டில் எழுதி, கிழித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார். பர்ஷா சத்தமாகப் படித்தது: "தி. பர்ஷா."

வரும் வழியில் மூன்று பேரும் கரும்புச்சாறு குடித்தோம். நல்ல நாள்.

மே 20, செவ்வாய்

நல்ல நாள் என்று நேற்று எழுதச் சொன்னதை அடிக்கச் சொன்னேன். பஞ்சவர்ணம் அடிக்கமாட்டேன் என்கிறாள்.

நேற்று ராத்திரி, வேலை முடிந்து திபாகர் வந்து நின்றான். கையில் அந்தச் சீட்டு. ஸ்டூலில் உட்காரவில்லை.

"அய்யா, இதுல நாயக் எங்க?"

சொன்னேன். நம் பக்கத்துப் பழக்கம் என்றேன்.

"என் அப்பா பேர்ல நாயக். தாத்தா பேர்ல நாயக். என் பொண்ணு பேர்ல இல்ல. நான் அங்க இல்ல, நீங்க எடுத்தாச்சு." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வந்திருக்கும். "சாவித்திரிக்குத் தெரியல. உங்களுக்கும் படிக்கத் தெரியாது. என்னை யார் கேட்டது?"

"மாத்திரலாம்ப்பா. நாளைக்கே…"

"வேண்டாம். இருபத்தெட்டு போகும் அவ."

போய்விட்டான். பஞ்சவர்ணம் தட்டு வைத்தாள். சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று இந்த நோட்டில் எழுதுவது இதுதான் முதல்தடவை.

முப்பத்தேழு வருஷம் கழித்து, இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய், இன்னொரு பெயரை வெட்டிவிட்டு, கரும்புச்சாறும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மே 22, வியாழன்

குழாய் வரை. பர்ஷா அங்கே இருந்தது. "அப்பா பேசவே மாட்டேங்கறாருங் தாத்தா" என்றது. நானும்தான் பேசவில்லை.

மே 25, ஞாயிறு

மூன்றாவது வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது அடி. கம்பை வெளியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்காரப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை. திபாகர்தான் ஓடிவந்து பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தான். கோபமாக இருக்கிறவனே என்னைத் தூக்கவேண்டியதாகிவிட்டது.

"தப்பு என்னுதுப்பா" என்றேன். "ஒன்னையக் கேட்டிருக்கணும். ஒம் புள்ள பேரு. நான் யாரு அதுல கை வைக்க."

சாவித்திரி டீ கொண்டுவந்தாள். அரை டம்ளர் குடித்தபிறகு, திபாகர் அந்தச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"இது என்ன அய்யா? முன்னாடி இருக்கறது? பர்ஷா சொல்லுது, 'தி'ன்னு. எதுக்கு 'தி'?"

"அது நீதான்ப்பா."

"நானா?"

"திபாகரு. மொத எழுத்து. எங்க பக்கம் புள்ளை பேருக்கு முன்னாடி அப்பன் நிக்கணும். பேரச் சொன்னா ஒன்னையும் சேத்துத்தான் சொல்லணும். பள்ளிக்கூடத்துல, பாங்கியில, அவளுக்குக் கலியாணப் பத்திரிகை அடிச்சா அதுல. எந்த வயசானாலும்."

"உங்க பொண்ணுக்கு?"

"மொ. பவுன்தாய். கம்பெனி அட்டையிலயே போட்டிருக்கு. நீ பாத்ததில்ல?"

அவன் பர்ஷாவிடம் ஒடியாவில் ஏதோ கேட்டான். அது ஆமாம் என்று தலையாட்டியது. திபாகர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஊர்ல எல்லாரும் நாயக்" என்றான். "அப்பா நாயக், சித்தப்பா நாயக், பக்கத்து வீடு, எதிர் வீடு, அப்பாகூடச் சண்டை போடற ஆளு, அவனும் நாயக். திபாகர்னு யாரும் எங்கயும் எழுதினது இல்ல அய்யா."

"அப்ப எடுத்துரட்டுமா, வச்சிரட்டுமா?"

"ரெண்டும் வேணும். முன்னாடியும் வேணும், பின்னாடியும் வேணும்."

"அப்படி யாருக்கும் இல்லையேப்பா."

"இல்லன்னா என்ன? இவளுக்கு இருக்கட்டும்."

சாவித்திரி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அடுத்ததைக் கேட்டேன். கேட்காமல் எழுந்து வந்தால் இன்னொரு ராத்திரி தூக்கம் போகும். "நாலேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவுல, எங்க வீட்டுல. சரியாய்யா?"

"பாக்கலாம்" என்றான்.

"திபாகரு!"

"சரி அய்யா. சரி."

மே 28, புதன்

தெருமுனை தாண்டி மருந்துக்கடை வரை. இன்று அந்த ரயில் போயிருக்கும். சாயங்காலம் பர்ஷா குழாயடியில் பஞ்சவர்ணத்தோடு சண்டை போட்டது. குடத்து வரிசையை மாற்றிவிட்டாளாம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். காலையில் திபாகர் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுத் தானே கொண்டுபோய் விட்டான். பட்டியலில் பெயரைத் திருத்தச் சொல்லவேண்டியதும் அவன்தான். நான் வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நாலு இருபத்திரண்டுக்குப் பிள்ளை வந்து சேர்ந்தது. பையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. "டீச்சர் பேரு கூப்பிடறப்ப என் பேருக்கு மட்டும் மூச்சு வாங்குதுங் தாத்தா. தி, பர்ஷா, நாயக். பக்கத்துல இருக்கறவ உனக்கு மூணு பேராடிங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"பொறாமையான்னு கேட்டேனுங்."

பஞ்சவர்ணம் இட்லிப்பொடி தடவி இரண்டு தோசை கொடுத்தாள். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதியது, நான் கொஞ்சம் தூங்கிப்போனேன், எழுந்து பார்த்தபோதும் எழுதிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு ரெண்டாவது வீட்டுப் பையன் ஒருவன் போனில் வந்த தமிழ்ச் செய்தியை எடுத்துவந்து வாசலில் நின்றபடி அதனிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு போனான். உள்ளே காலை வைக்கவில்லை.

எட்டரை ஆகி ஐந்து நிமிஷத்துக்கு திபாகரும் சாவித்திரியும் வந்தார்கள். சாவித்திரி அப்படியே உலைவைக்கப் போய்விட்டாள். திபாகர் போகவில்லை. புது நோட்டை வாங்கி, அட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"இதுல நான் எங்க அய்யா?"

என்னைப் போய்க் கேட்கிறான். இரண்டு பேரும் நோட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தோம். சீட்டில் நாலு வரி இருந்தது, எது பெயர் என்று தெரியாமல் நான் நடுவில் ஒன்றைக் காட்டினேன். அவன் கடைசியில் ஒன்றைக் காட்டினான். பர்ஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பஞ்சவர்ணம் எழுந்து வந்து, என் பெருவிரலைப் பிடித்து, சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

சின்ன எழுத்துதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. திபாகர் என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தான்.

"பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு. அது யாரு?" என்றான்.

பஞ்சவர்ணத்துக்கே தெரியவில்லை.